ஆவி திரும்பி வராத ஊர்கள்

பேய்ப்படப் பைத்தியங்களுக்கென்று ஒரு கர்வம் உண்டு. எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது, இனி எந்தப் படம் நம்மை என்ன செய்துவிடும் என்கிற கர்வம். கதவு தானாகத் திறந்தால் முதலில் பூனைதான் வரும் என்று தெரியும். குளியலறை அலமாரியின் கண்ணாடிக் கதவை ஒருத்தி மூடும்போது அவளுக்குப் பின்னால் யார் நிற்பார்கள் என்று தெரியும். இசை சட்டென்று நின்றால், இரண்டு மூச்சு விட்டு ஓர் அலறல் என்று தெரியும். பள்ளிக்கூட வயதிலிருந்து இந்தக் கணக்குகளைப் பழகி, ஜப்பானியப் பேய், கொரியப் பேய், ஸ்பெயினின் அநாதை விடுதிப் பேய் என்று எல்லா தேசத்து ஆவிகளோடும் அறிமுகமாகி, கடைசியில் பயம் வடிந்துபோய் ரசனை மட்டும் மிஞ்சியிருந்தது. சமைத்தவளுக்குப் பசிக்காது என்பார்களே, அந்த நிலை. ஒளி எங்கிருந்து வருகிறது, ஒப்பனை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன். தூக்கம் மட்டும் கெடாது.

என் தூக்கத்தை மறுபடியும் கெடுத்தவை தொப்பியும் குதிரையுமாக வரும் வெஸ்டர்ன் படங்கள் என்று சொன்னால், என்னோடு பேய்ப்படம் பார்க்கிற கூட்டாளிகள் சிரிக்கிறார்கள். அவர்கள் சிரிப்பதிலும் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் வெஸ்டர்ன் வந்து சேர்ந்த வழி அப்படி. அப்பா தலைமுறைக்கு அது தியேட்டரில் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்த ‘மெக்கன்னாஸ் கோல்டு’. நமக்கு அது சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸும் முத்து காமிக்ஸும். டெக்ஸ் வில்லரின் குறி தப்பாத துப்பாக்கியும் லக்கி லூக்கின் வைக்கோல் துரும்பும். ஜெய்சங்கர் கௌபாய் தொப்பியோடு குதிரையேறிய, இயக்குநர் கர்ணனின் படங்களும் உண்டு. எல்லாமே கொண்டாட்டம். வில்லன் எத்தனை பேரைக் கொன்றாலும் கடைசிப் பக்கத்தில் கணக்கு நேராகிவிடும். இப்படிப் பழகிய ஒன்றில் போய் ஒருவன் எதற்குப் பயத்தைத் தேடப்போகிறான்?

நானும் தேடிப் போகவில்லை. ஒரு நடிகரைப் பின்தொடர்ந்து போனேன், அவ்வளவுதான்.

கர்ட் ரஸல் போன வழி

ஜான் கார்பென்டரின் ‘தி திங்’ (1982) எங்கள் கூட்டத்துக்கு வேதம். அண்டார்டிகாவில் ஓர் ஆராய்ச்சி முகாம், உள்ளே இருக்கும் ஆண்களில் யார் மனிதன், யார் மனிதனைப் போலிருக்கும் வேறொன்று என்று தெரியாத நிலை, நடுவில் தாடியும் தொப்பியுமாக கர்ட் ரஸல். அவர் 2015இல் இரண்டு வெஸ்டர்ன் படங்களில் நடித்தார். ஒன்று டாரன்டினோவின் ‘தி ஹேட்ஃபுல் எயிட்’. பனிப்புயலில் ஒரு விடுதிக்குள் அடைபட்டவர்களில் யார் பொய்யன் என்று தெரியாத கதை. ‘தி திங்’ படத்துக்காக என்னியோ மோரிக்கோனி எழுதி, அந்தப் படத்தில் பயன்படாமல் போன இசையில் சிலவற்றை டாரன்டினோ எடுத்து இதில் சேர்த்திருந்தார் என்பது தெரிந்தபோது, இது எனக்குச் சொந்தக்காரர் வீட்டுப் படமாகிவிட்டது. மற்றொன்று எஸ். கிரெய்க் ஸாலரின் ‘போன் டோமஹாக்’. அதைப் பற்றி முன்பே எச்சரித்திருந்தார்கள். குகைக்குள் ஒரு காட்சி வரும், எப்பேர்ப்பட்டவனும் கண்ணை மூடிக்கொள்வான் என்றார்கள். எனக்கு அது போதுமான அழைப்பு.

குகைக் காட்சி வந்தது. கொடூரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் நான் அசைந்தது அங்கே அல்ல. அதற்கு முன்னால் நீண்டு கிடக்கும் பயணத்தில். பிரைட் ஹோப் என்கிற சிற்றூரிலிருந்து ஒரு பெண்ணைக் கடத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். மீட்கக் கிளம்புகிறவர்கள் நாலு பேர்: ஊர்க்காவல் அதிகாரியான ஷெரிஃப், வயதான உதவியாளர் சிக்கரி, மிடுக்கான ஒரு துப்பாக்கிக்காரன், பெண்ணின் கணவன். கணவனுக்குக் கால் முறிந்திருக்கிறது. வழியில் குதிரைகளும் திருட்டுப்போகின்றன. பிறகு நடைதான். இரவில் நெருப்பு மூட்ட முடியாது. இசை கிட்டத்தட்ட இல்லை. பூட்ஸ் சரளைக்கல்லில் அரைபடும் ஓசையும், முறிந்த கால்காரன் பல்லைக் கடிக்கும் ஓசையும் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. இதற்கு நடுவே சிக்கரிக்கு ஒரு சந்தேகம்: குளியல் தொட்டியில் படுத்துக்கொண்டு புத்தகம் படிப்பதென்றால் நனையாமல் எப்படிப் படிப்பது? இசைக் குறிப்புகளை வைத்து வாசிப்பதற்கான தாங்கியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று ஷெரிஃப் நிதானமாக யோசனை சொல்கிறார். இரண்டு கிழவர்கள் சாவுக்கு நடந்துபோய்க்கொண்டே பேசுகிற பேச்சு இது. சிரித்தேன், சிரித்த வாய் மூடுவதற்குள் அடிவயிற்றில் ஏதோ குளிர்ந்தது.

ஏன் என்று பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். பேய்ப்படம் எடுக்கிறவருக்கு ஒரு நிரந்தரத் தலைவலி உண்டு. பாத்திரங்களை வெளியுலகத்திலிருந்து துண்டித்தாக வேண்டும். அதனால்தான் கார் ஸ்டார்ட் ஆகாது, போனில் சிக்னல் இருக்காது, பாலம் அன்றைக்கென்று பார்த்து வெள்ளத்தில் போயிருக்கும். எவ்வளவு சாமர்த்தியமாகச் செய்தாலும் அது ஓர் ஏற்பாடு என்று நமக்குத் தெரியும். தெரிவதாலேயே ஒரு பாதுகாப்பு. வெளியே எங்கேயோ போலீஸ் நிலையமும் ஆஸ்பத்திரியும் விளக்கு எரியும் தெருவும் இருக்கின்றன. இவர்கள் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். வெஸ்டர்னில் துண்டிப்பதற்கே ஒன்றும் இல்லை. அந்த நாலு பேர் போய்ச் சேராவிட்டால் அவர்களைத் தேடி ஐந்தாவது ஆள் வரப்போவதில்லை. மூலையில் என்ன ஒளிந்திருக்கிறதோ என்று பயந்தே பழகியவனுக்கு, மூலையே இல்லாத வெட்டவெளி கண்முன்னால் கிடக்கிறது. எல்லாம் நன்றாகத் தெரிகிறது. தெரிந்து என்ன பயன்?

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் குகைவாசிகளை உருவாக்கிய விதம் எனக்கு உறுத்தல். “இவர்கள் வேறு, உண்மையான பூர்வகுடிகள் வேறு” என்று ஒரு செவ்விந்தியர் பாத்திரத்தின் வாயாலேயே படம் முதலில் சொல்லிவைத்துவிடுகிறது. முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு கிளம்புகிற மாதிரி. ஆனால் பாலைவனம், எலும்பு ஆயுதம், கடத்தப்பட்ட வெள்ளைக்காரப் பெண் என்று மிச்சமெல்லாம் அந்தப் பழைய பயத்திலிருந்து எடுத்த சரக்குதான். படம் பிடித்திருப்பதால் இந்த உறுத்தல் குறைந்துவிடவில்லை.

விளக்கேற்றாத வீடு

அந்தப் பழைய பயத்தை அதன் ஊற்றிலேயே பார்க்கலாம் என்றுதான் ஜான் ஃபோர்டின் ‘தி சர்ச்சர்ஸ்’ (1956) படத்துக்குப் போனேன். உலகத்தின் சிறந்த படங்கள் பட்டியல்களில் எல்லாம் இருக்கும் படம்; அதனாலேயே தள்ளிப்போட்டு வைத்திருந்தேன். தொடக்கத்தில் வரும் அந்திவேளைக் காட்சியை யாரும் எனக்குப் பேய்ப்படக் காட்சி என்று சொல்லியிருக்கவில்லை. டெக்சாஸில் தனித்து நிற்கும் ஒரு பண்ணைவீடு. வீட்டு ஆண்களில் பெரும்பாலோர் திருட்டுப்போன மாடுகளைத் தேடிப் போயிருக்கிறார்கள். வெளியே வானம் சிவந்து கிடக்கிறது. தூரத்தில் பறவைகள் திடீரென்று எழும்பிப் பறக்கின்றன. வீட்டுக்காரர் அதைப் பார்க்கிறார். இரவுச் சாப்பாட்டுக்கு ஏதாவது பறவை கிடைக்குமா பார்க்கிறேன் என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே துப்பாக்கியை எடுக்கிறார். அவர் பொய் சொல்கிறார் என்று மனைவிக்குத் தெரியும். தெரியும் என்பது அவருக்கும் தெரியும். பிள்ளைகளுக்காக இருவரும் நடிக்கிறார்கள். விளக்கேற்ற வேண்டாம் என்கிறாள் அம்மா. மூத்த பெண்ணுக்கு மெதுவாக உறைக்கிறது. கேமரா அவள் முகத்தை நோக்கிப் பாய்கிறது, அவள் அலறுகிறாள். கடைக்குட்டியைச் சன்னல் வழியாக இறக்கி, பாட்டியின் கல்லறைக்குப் பக்கத்தில் போய் ஒளிந்துகொள், சத்தம் போடாதே என்று அனுப்புகிறார்கள். குழந்தை பொம்மையோடு கல்லறைக் கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. 1852இல் கொமாஞ்சே என்கிற செவ்விந்தியக் குடியினரால் கொல்லப்பட்டவள் என்று அந்தக் கல்லில் எழுதியிருக்கிறது. குழந்தைமேல் ஒரு நிழல் விழுகிறது.

அவ்வளவுதான். தாக்குதலை ஃபோர்டு காட்டவில்லை. ஊதுகொம்பு ஒலிக்கிறது, காட்சி மாறுகிறது. வீட்டுக்குள்ளே போய்ப் பார்க்கவும் நம்மை விடுவதில்லை. ஜார்ஜ் ரொமெரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தில் எழுந்து நடக்கும் பிணங்கள் 1968இல் ஒரு பண்ணைவீட்டைச் சூழ்ந்துகொள்வதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, சூழப்பட்ட வீட்டின் பயத்தை வெஸ்டர்ன் முழுதாகக் கற்று முடித்திருந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கார்பென்டர் இதை ஒளித்ததே இல்லை. அவருடைய ‘அசால்ட் ஆன் பிரிசிங்க்ட் 13’ (1976), ஹவர்டு ஹாக்ஸின் ‘ரியோ பிராவோ’வை நகரத்துக் காவல் நிலையத்தில் கொண்டுவந்து வைத்த படம். அதைத் தொகுத்தவரும் அவரே. ஆனால் பெயர்ப் பட்டியலில் தொகுப்பாளராக ஜான் டி. சான்ஸ் என்று போட்டுக்கொண்டார். ‘ரியோ பிராவோ’வில் ஜான் வெய்ன் நடித்த ஷெரிஃபின் பெயர் அது. ஆக, இத்தனை வருடமாக நான் பேய்ப்படம் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு பங்கு குதிரைகளை அவிழ்த்துவிட்ட வெஸ்டர்ன்தான்.

‘தி சர்ச்சர்ஸ்’ படத்தில் இன்னும் மோசமான ஒன்று பின்னால் வருகிறது. ஈதன் என்கிற நாயகன், ஜான் வெய்ன், புதைக்கப்பட்டிருக்கும் ஒரு கொமாஞ்சே வீரனின் பிணத்தைப் பார்த்து அதன் இரண்டு கண்களிலும் சுடுகிறான். கூட இருப்பவர்களுக்குப் புரியவில்லை. கண் இல்லாதவனால் ஆவியுலகத்துக்குள் நுழைய முடியாது, காற்றுகளுக்கு நடுவே என்றென்றும் அலைய வேண்டியதுதான் என்பது கொமாஞ்சேக்களுடைய நம்பிக்கை என்று ஈதன் விளக்குகிறான். எதிரியின் நம்பிக்கையைக் கரைத்துக் குடித்திருப்பது அவன் வெறுப்பின் ஆழத்தைக் காட்டுகிறது. செத்தவனைக்கூட விடாத வெறுப்பு. கடைசியில் எல்லோரும் வீட்டுக்குள் போக, வாசலுக்கு வெளியே நின்று, திரும்பி நடந்து, காற்றுக்குள் போகிறவன் ஈதன்தான். கதவு சாத்தப்படுகிறது. உயிரோடிருக்கிற ஒரு மனிதனை ஆவியாக்கி அனுப்பிவிடுகிறது படம். கொமாஞ்சேக்களாகத் திரையில் தெரியும் பலர் படப்பிடிப்பு நடந்த மான்யுமென்ட் பள்ளத்தாக்கின் நவஹோ என்கிற வேறொரு பூர்வகுடி மக்கள். அவர்களின் தலைவனாக நடித்தவரோ ஜெர்மனியில் பிறந்த வெள்ளைக்காரர். யாருடைய பயத்தை யார் முகத்தில் பூசினார்கள் என்பதை மறந்துவிட்டு இந்தப் படத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. மறந்துவிடச் சொல்கிறவர்களோடு வாதாடவும் தெம்பில்லை.

கல் நடாத கல்லறை

இதற்குப் பிறகு எனக்கு ஆறுதலாக வந்தது கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் ‘ஹை ப்ளெய்ன்ஸ் டிரிஃப்டர்’ (1973). ஆறுதல் என்றால் விநோதமாக இருக்கும். படத்தில் இனிமையான மனிதர் ஒருவர்கூட இல்லை. ஆனால் பேய்ப்படக்காரனுக்கு அது தாய்வீடு. கானல் அலையும் வெளியிலிருந்து பெயரில்லாத ஒருவன் குதிரையில் வருகிறான். லாகோ என்ற ஏரிக்கரை ஊர். கலிபோர்னியாவின் மோனோ ஏரிக்கரையில், வெறும் உப்புமண்ணில், ஊரையே கட்டி எழுப்பி எடுத்திருக்கிறார்கள். ஊராருக்கு ஒரு பழைய குற்றம் இருக்கிறது. அவர்களை வாழவைக்கும் சுரங்கம் அரசாங்க நிலத்தில் இருப்பதைக் கண்டுபிடித்த மார்ஷலை, அதாவது ஊரின் சட்ட அதிகாரியை, மூன்று பேர் நடுத்தெருவில் சாட்டையால் அடித்தே கொன்றார்கள். ஊர் முழுவதும் இருட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவன் புதைக்கப்பட்ட இடத்தில் பெயர்கூட எழுதவில்லை.

வந்தவன் அந்த மார்ஷலின் ஆவியா, தம்பியா, கனவா? படம் கடைசிவரை பிடி கொடுப்பதில்லை. கனவுக் காட்சியில் சாட்டையடி வாங்கும் மார்ஷலாக நடித்தவர் ஈஸ்ட்வுட்டுக்கு டூப் போடும் சண்டைக் கலைஞர் படி வான் ஹார்ன். அதனால் முகம் அவனைப் போலவும் இருக்கும், இல்லாததைப் போலவும் இருக்கும். இதைவிட எளிமையான ஆவித் தந்திரத்தை நான் எந்தப் பேய்ப்படத்திலும் பார்த்ததில்லை. வந்தவன் ஊரைக் காப்பாற்றுகிறேன் என்கிறான். அதற்குக் கூலியாக, தேவாலயம் உட்பட எல்லாக் கட்டடங்களுக்கும் சிவப்பு வண்ணம் பூசச் சொல்கிறான். ஊர்ப்பெயரை அழித்து நரகம் என்று எழுதுகிறான். இறுதியில், முன்பு திண்ணைக்கடியில் ஒளிந்துகொண்டு கொலையைப் பார்த்திருந்த குள்ளமான மனிதன், கல்லறையில் மார்ஷலின் பெயரைப் பொறித்துக்கொண்டிருக்கிறான். (படத்தின் தொடக்கத்திலேயே நாயகன் ஒரு பெண்ணை வன்புணர்வு செய்வதும், படம் அதை ஏதோ அவளுக்கு வேண்டியதுதான் என்பதுபோலக் காட்டுவதும் அருவருப்பு. அந்தக் காட்சியை நியாயப்படுத்த எனக்குச் சொற்கள் இல்லை, தேடவும் மாட்டேன்.)

இந்தப் படத்துக்காக ஜான் வெய்ன் தனக்குக் கடிதம் எழுதி, மேற்கைக் கட்டியெழுப்பிய மக்கள் இப்படிப்பட்டவர்கள் அல்லர் என்று கோபித்துக்கொண்டதாக ஈஸ்ட்வுட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எனக்கோ படத்தில் எதுவும் அந்நியமாகப் படவில்லை. நம் ஊர்களில் எத்தனை தெய்வங்கள் இப்படி வந்தவை! அநியாயமாகக் கொன்றார்கள், பிறகு ஊரில் மாடு செத்தது, மழை பொய்த்தது, கனவில் வந்து நின்றான், கல்லை நட்டு, படையல் போட்டு, கும்பிட ஆரம்பித்தார்கள். பழையனூர் நீலி இன்னும் ஒரு படி மேல். கணவனால் கொல்லப்பட்டவள் மறுபிறப்பிலும் விடாமல் துரத்தி, ஊர் வேளாளர்களிடமே வழக்கைக் கொண்டுபோகிறாள். எழுபது பேர் அவனுடைய உயிருக்குப் பொறுப்பேற்று அவனை அவளோடு அனுப்புகிறார்கள்; அவன் செத்ததும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். ‘காஞ்சனா’ வரை இந்தச் சங்கிலி அறுபடவில்லை. நிலத்தைப் பிடுங்கிக் கொன்றவனை, கொல்லப்பட்டவள் வேறோர் உடம்பில் ஏறிவந்து தீர்க்கிறாள், தியேட்டரில் விசிலடிக்கிறோம். பேய்க்குப் பயப்படுவதாகச் சொல்லிக்கொண்டு, பேயின் பக்கம்தான் எப்போதும் உட்கார்ந்திருக்கிறோம்.

பனியில் அடுக்கிவைத்த பிணங்கள்

செர்ஜியோ கார்புச்சியின் ‘தி கிரேட் சைலன்ஸ்’ (1968) இந்த இடத்தில்தான் என்னை வந்து அடித்தது. இத்தாலிக்காரர் டோலமைட் மலைகளின் பனியில் எடுத்த அமெரிக்கக் கதை. களம் யூட்டா, 1899இன் பெரும் பனிப்புயலுக்குச் சற்று முன். பசியால் திருடிவிட்டு மலையில் ஒளிந்திருக்கும் ஏழைகள். அவர்கள் தலைக்கு விலை. அந்த விலைக்காக அவர்களை வேட்டையாடும் கூலிக்கொலையாளிகள். அவர்களில் பெரியவன் லோக்கோ, நடித்தவர் கிளாஸ் கின்ஸ்கி. தொப்பிமேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு, மென்மையான குரலில், மரியாதையாகப் பேசுவான். கொன்றவர்களைப் பனியில் புதைத்து வைத்திருப்பான். கெட்டுப்போகாமல் இருக்கும், பிறகு எடுத்துப்போய்க் காசாக்கிக்கொள்ளலாம். தபால் வண்டியை நிறுத்தி, கூரைமேல் மூட்டைகளைப் போலப் பிணங்களை ஏற்றுகிறான். கையில் அரசாங்கத்தின் காகிதம் இருக்கிறது. அவன் செய்வதில் சட்டவிரோதமானது எதுவுமே இல்லை. பைத்தியக்காரக் கொலைகாரர்களைப் பேய்ப்படங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். ரசீது வாங்குகிற கொலைகாரனை இதற்கு முன் பார்த்ததில்லை.

எதிரே நிற்பவன் சைலன்ஸ். ழான் லூயி ட்ரின்டிங்யான் ஒரு வார்த்தை பேசாமல் நடித்திருக்கிறார். சிறுவயதில் பெற்றோரைக் கொன்ற கூலிக்காரர்கள், சாட்சி சொல்லிவிடக் கூடாது என்று அவன் குரல்வளையை அறுத்துவிட்டார்கள். அவனும் சட்டத்தை வைத்தே விளையாடுகிறான். எதிரியைச் சீண்டி முதலில் துப்பாக்கியை எடுக்கவைத்து, பிறகு தற்காப்புக்காகச் சுட்டதாகக் கணக்கு. கணவனை லோக்கோவிடம் பறிகொடுத்த பாலின் என்ற கறுப்பினப் பெண், பழிவாங்க இவனுக்குக் கூலி தருவதற்காகத் தன் வீட்டையே விற்கப் பார்க்கிறாள். நல்லவரான ஒரு ஷெரிஃபும் இருக்கிறார். இந்த நால்வரைக் கொண்டு எப்படி முடியும் என்று யாரும் சொல்லிவிடலாம். நானும் மனதுக்குள் முடித்துவைத்திருந்தேன். ஷெரிஃப் உறைந்த ஏரியின்மேல் நிற்கும்போது லோக்கோ அவர் காலடிப் பனிக்கட்டியைச் சுட்டு உடைத்து அவரைத் தண்ணீருக்குள் அனுப்பியபோதுகூட, சரி, நாயகனின் கோபத்துக்கு விறகு சேர்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

முடிவில் சாப்பாட்டுக்காக ஊருக்குள் இறங்கிவந்த மலைவாசிகளைக் கட்டி மதுக்கடைக்குள் போட்டிருக்கிறார்கள். வெளியே பனி. வலது கை ஏற்கெனவே தீயில் வெந்துபோன சைலன்ஸ் வந்து நிற்கிறான். வாசல் வெளிச்சத்தில் லோக்கோ. நேருக்கு நேர் மோதல்கூட நடப்பதில்லை. மறைந்திருந்த ஒருவன் முதலில் சைலன்ஸின் கைகளைச் சுட்டுவிடுகிறான். பிறகு லோக்கோ நிதானமாகக் குறிபார்த்து முடிக்கிறான். பாலின் ஓடிவந்து துப்பாக்கியை எடுக்கிறாள், அவளும் விழுகிறாள். பிறகு உள்ளே திரும்பி, கட்டிப்போட்டிருக்கும் அத்தனை பேரையும் சுட்டுத் தள்ளுகிறார்கள். லோக்கோ சைலன்ஸின் மௌசர் துப்பாக்கியை எடுத்துக்கொள்கிறான். பிணங்களுக்கு உரிய பணத்தைப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று குதிரையேறிப் போகிறார்கள். மோரிக்கோனியின் இசை, யாரையும் குறைசொல்லாத ஒரு தாலாட்டைப் போல, ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் காத்திருந்தேன். இதுதான் நான் சொல்லவந்தது. திரையில் எழுத்துகள் வந்தன, அப்போதும் காத்திருந்தேன். ‘கேரி’ என்கிற பேய்ப்படத்தின் முடிவில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து பிடிக்குமே, அப்படிப் பனிக்குள்ளிருந்து ஒரு கை வரும் என்று என் உடம்பு காத்திருந்தது. மூளைக்குத் தெரியும், இது அந்த வகைப் படம் இல்லை என்று. பழகிய உடம்பு கேட்கவில்லை. இவ்வளவு அநியாயமாகச் செத்தவர்கள் எழுந்து வராமல் எப்படி? வரவில்லை. பனி பெய்கிறது, செத்தவர்கள் செத்துக் கிடக்கிறார்கள், கொன்றவன் சட்டப்படி பணக்காரன் ஆகிறான். விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். வாழ்நாள் முழுக்க நான் பார்த்த பேய்களெல்லாம் என்னைப் பயமுறுத்த வந்தவை அல்ல, தேற்ற வந்தவை என்று தோன்றியது. செத்தவருக்குப் பேச்சு உண்டு, கணக்கு முடியவில்லை, யாரோ குறித்துவைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பேயும் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. அதை நம்பித்தான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

இதற்கு மறுப்பும் உண்டு, நானே எனக்குச் சொல்லிப் பார்த்தேன். ‘ரிங்கு’ படத்துப் பேயான சடகோ நியாயம் கேட்டு வருகிறவள் அல்ல, அந்த வீடியோவைப் பார்த்தவன் நல்லவனா கெட்டவனா என்று விசாரிக்காமல் கொல்கிறவள். ஜப்பானியப் பேய்களில் பல இப்படித்தான். உண்மை. ஆனால் கிணற்றில் தள்ளி மூடியவர்கள் நினைத்ததுபோல அவளும் வாயடைத்துப் போய்விடவில்லையே. கார்புச்சியின் பனியில் அதுகூடக் கிடையாது. குரல் அறுபட்டவன் கடைசிவரை குரல் இல்லாமலே போகிறான்.

அதன் பிறகு வெஸ்டர்ன்களை வெறிபிடித்துப் பார்த்தேன். எல்லாமே இப்படி நெஞ்சில் கல்லை வைப்பவை அல்ல. அன்டோனியா பேர்டின் ‘ரேவனஸ்’ (1999), மலைக்கோட்டையில் பனிக்காலத்தில் மனிதக்கறி தின்னும் கதை. பின்னணியில் 1846–47 குளிர்காலத்தில் சியரா நெவாடாவில் பனியில் சிக்கிக்கொண்ட, மேற்கே குடியேறப் போன டோனர் குழுவினரின் நிஜம் இருக்கிறது. 80க்கும் மேற்பட்டவர்கள் போய், ஏறக்குறைய பாதிப் பேர்தான் பிழைத்தார்கள். பிழைத்தவர்களில் சிலர் எதைத் தின்று பிழைத்தார்கள் என்பது ஊரறிந்த கதை. ஆனால் படம் துள்ளிக் குதித்துக்கொண்டு போகிறது. துரத்தல் காட்சியில் வரும் இசையைக் கேட்டால் கல்யாண ஊர்வலம் என்றே நினைப்பீர்கள். பேய்ப்படக் கூட்டாளிகளை இந்தப் பக்கம் இழுக்க வேண்டுமென்றால் இதிலிருந்து தொடங்கச் சொல்வேன். கார்புச்சியிடம் நேராகக் கொண்டுபோய் விட்டால் மறுபடி என் பேச்சைக் கேட்க மாட்டார்கள்.

அக்கா மகனிடம் மட்டும் அந்தத் தப்பைத் தெரிந்தே செய்தேன். அவனுக்குப் பதினேழு வயது, என்னைவிடப் பெரிய பேய்ப்பட வெறியன். ‘தி கிரேட் சைலன்ஸ்’ பார்த்து முடித்தபோது, யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதைப் போல என்மேல் கோபப்பட்டான். “இதை எதற்கு மாமா காட்டினீர்கள்?” என்றான். சமாதானப்படுத்துவதற்காக அவனுக்கு இன்னொன்றைக் காட்டினேன். தயாரிப்பாளர்களின் வற்புறுத்தலுக்காகக் கார்புச்சி மகிழ்ச்சியான முடிவு ஒன்றையும் படமாக்கியிருந்தார். அதன் காட்சிகள் ஒலியில்லாமல் மிஞ்சியிருக்கின்றன. அதே வாசல், அதே பனி. லோக்கோ குறிபார்க்கிறான். திடீரென்று குதிரையில் பாய்ந்து வருகிறார் ஷெரிஃப்! ஆம், ஏரிக்குள் போனவர். லோக்கோவைச் சுட்டுச் சாய்க்கிறார். சைலன்ஸ் கையில் இரும்புக் கவசம் வேறு இருக்கிறது. மிச்சப் பேரை அவன் பார்த்துக்கொள்கிறான். கட்டுகள் அவிழ்கின்றன. படம் முழுக்க இறுகியிருந்த ட்ரின்டிங்யானின் முகத்தில் புன்னகை வருகிறது. பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

“பனிக்கட்டிக்கு அடியில் போன ஆள் எப்படி மாமா திரும்பி வந்தார்?” என்று கேட்டான்.

“ஆவியாக இருக்கும்” என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். அப்படியென்றால் இந்த முடிவே சரியாகத்தான் இருக்கிறது, இதையே வைத்திருக்கலாம் என்றான். தயாரிப்பாளர்களும் அதைத்தான் சொன்னார்கள் என்றேன்.